கஞ்சி வைப்பது யார்?

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதன் பயனாகக் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாட்கள் குடியிருக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டிற்று. "இதெல்லாம் ஒரு பாக்கியமா?" என்று கேட்காதீர்கள். அடுப்பு, துணி, வாசல் மணி என்று நாள் முழுவதும் ஓடுகிறவளுக்கு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நாலு பேரைக் கவனிக்கப் பத்து நாட்கள் கிடைப்பது சாமான்யமா? மாமியார் இப்போது கைத்தடியுடன் நடமாடுகிறார். என் ரசத்தைப் பற்றி முன்போலவே குறை சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். ஆகவே யாரும் கவலைப்பட வேண்டாம்.

நான் முதலில் கவனித்தது ஆஸ்பத்திரியை அல்ல; அதன் எதிரே இருந்த தெருவை. நாலு மருந்துக் கடை, இரண்டு இட்லிக் கடை, ஓர் இளநீர் வண்டி, துணைக்கு வந்தவர்கள் தங்க ஒரு விடுதி, பிளாஸ்க்கும் பிளாஸ்டிக் குவளையும் போர்வையும் தொங்கும் ஒரு கடை, பூக்காரி, ஆட்டோ நிறுத்தம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிள்ளையார். ஆஸ்பத்திரி வருவதற்கு முன் அந்த இடத்தில் சோளக் காடு இருந்ததாம். இளநீர்க்காரர் சொன்னார்: "இந்த ஆஸ்பத்திரி இல்லீன்னா இங்க ஊரே இல்லீங்க."

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பத்து நாட்களும் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஊர் பெரிதானதால் ஆஸ்பத்திரி வந்ததா, ஆஸ்பத்திரி வந்ததால் ஊர் பெரிதாயிற்றா?

இதற்கு விடை எனக்கு வெந்நீர்க் குழாயடியில் கிடைத்தது. அங்கேதான் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளுடன் சிநேகமாயிற்று. அவருடைய கணவர் ஆண்கள் வார்டில் இருந்தார். அவருக்கு அடுத்த கட்டிலில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன். பீஹாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். வேலை செய்த இடத்தில் கால் எலும்பு முறிந்துவிட்டது. கொண்டுவந்து சேர்த்த சிநேகிதர்கள் கூலி போய்விடுமே என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். துணைக்கு ஒருவரும் இல்லை. தமிழ் தெரியாது.

"ஏனுங்க அம்மிணி, பெத்தவ எங்கயோ கெடக்கறா, இவன் இங்க கெடக்கறான். பார்த்துக்கிட்டு எப்படிங்க நான் மட்டும் என் ஊட்டுக்காரருக்குக் கஞ்சி ஊத்தறது?" என்றார் அந்த அம்மாள். ஒரு டம்ளர் நிறையக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, "குடி சாமி" என்று அவன் வாயருகே கொண்டுபோனார்.

"நிறுத்துங்கம்மா!" என்று ஒரு குரல். நர்ஸ் ஓடி வந்தாள். மறுநாள் காலை பையனுக்கு ஆபரேஷன். இனி ஒன்றும் உள்ளே போகக்கூடாது. போனால் மயக்க மருந்து கொடுக்கும்போது உயிருக்கே ஆபத்து. காங்கேயத்து அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஆபரேஷன் முடிந்த அடுத்த நாள் அதே நர்ஸ் தானே வந்து, "இப்போ குடுங்கம்மா, உப்புக் கம்மியா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

சொந்த ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும்? அம்மா கஞ்சி வைப்பாள். அத்தை கஷாயம் போடுவாள். பக்கத்து வீட்டுப் பாட்டி வேப்பிலையுடன் வருவாள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி உயிரை வாங்கினாலும், தலைமாட்டில் ஒருத்தி இருப்பாள்.

நகரம் என்பது வேறு. வியாபாரி, மாணவன், யாத்திரிகன், சிப்பாய், கூலியாள் என்று உறவை விட்டு வந்தவர்கள் சேர்ந்து வாழும் இடம் அது. அத்தை இல்லாத ஊரில் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்த இடங்களில்தான் அயலார் தைரியமாக வந்து தங்கியிருப்பார்கள். மதிலும் கோபுரமும் சந்தையும் நகரத்துக்கு அழகு. அங்கே தங்கலாம் என்ற நம்பிக்கையைத் தருவது ஆஸ்பத்திரிதான்.

இதை எண்ணியபோது எனக்குத் திருமுக்கூடல் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம், அதனால்தான் முக்கூடல். ஆற்றங்கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். அங்கே ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்தது. (நம் கொங்கு நாட்டுக் கோயில்களிலும் வீரராஜேந்திரன் என்று ஒரு பெயர் வரும். அவன் வேறு, 13-ஆம் நூற்றாண்டுக் கொங்குச் சோழன்.)

கல்வெட்டு என்றாலே போரும் பட்டப்பெயர்களும்தான் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். இந்தக் கல்வெட்டைப் படித்தால், கெட்டிக்கார மாமியார் ஒருத்தியின் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்ப்பதுபோல் இருக்கும். கோயிலைச் சேர்ந்து ஒரு வேதபாடசாலை, மாணவர்களுக்கு விடுதி, அதோடு 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள். ஆதுலர் சாலை என்றால் நம் ஆஸ்பத்திரி. செலவுக்கு வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானம்.

மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்கு எண்ணெய் எவ்வளவு என்றுகூட எழுதியிருக்கிறது! தாயை விட்டு வந்த பிள்ளைகளின் தலைக்கு யார் எண்ணெய் வைப்பார்கள் என்று அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் 15 படுக்கைகள். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் விளக்கெரிய எண்ணெய். குடிக்கிற தண்ணீரில் போட ஏலக்காயும் இலாமிச்சை வேரும். மருந்துகளின் பட்டியல் நீளமானது. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த வாசா அரீதகி, பூண்டும் விளக்கெண்ணெயும் சேர்ந்த லசுனாதி ஏரண்ட தைலம், வில்வாதி கிருதம், தசமூல அரீதகி, கல்யாண லவணம், பல வருஷம் பத்திரப்படுத்திய பழைய நெய்யாகிய புராண கிருதம் என்று இருபது வகையை ஒட்டிப் போகிறது. பெயர்கள்தான் சம்ஸ்கிருதம். உள்ளே இருப்பவை நம் அஞ்சறைப் பெட்டியின் நெருங்கிய உறவுகள்.

இனிச் சம்பளப் பட்டியலுக்கு வருவோம். சகோதரிகளே, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வைத்தியர் ஒருவர். ஆலப்பாக்கத்தைச் சேர்ந்த கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரோடும் ஊரோடும் கல்லில் இருக்கிறார். வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை வைத்தியம் செய்கிறவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆட்கள். இருவருக்கும் சேர்த்து 60 கலம். நாவிதருக்கு 15 கலம். தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு 15 கலம். அப்புறம் 'மருந்து அடும் பெண்டுகள்' இருவர். இருவருக்கும் சேர்த்து 30 கலம்.

அடுதல் என்றால் சமைத்தல். நம் அடுப்பும் அடுக்களையும் அந்தச் சொல்லிலிருந்து பிறந்தவைதான். மருந்தைக் காய்ச்சி இறக்கி, நோயாளிக்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்வது அந்தப் பெண்களின் வேலை. அதாவது நர்ஸ்கள்! ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன், நம் தமிழ்நாட்டில், சம்பளம் வாங்கிய நர்ஸ்கள்.

சந்தோஷப்பட்டுக்கொண்டே கணக்கையும் போட்டுப் பாருங்கள். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. குறுணிக்கு எட்டு நாழி. வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்தால், வைத்தியருக்கு நாளொன்றுக்கு 24 நாழி நெல். விறகு கொண்டுவருகிறவருக்கு 8 நாழி. அந்த விறகை மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மருந்தைக் காய்ச்சுகிறவளுக்கு 4 நாழி!

இதை மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். வலியையும் மறந்து சிரித்தார். "அன்னிக்கேவா! இன்னும் திருந்தலைன்னு சொல்லு."

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பட்டியலில் அந்த இரண்டு பெண்களின் வேலை இருக்கிறது, நெல் இருக்கிறது, பெயர் இல்லை.

*

திருமுக்கூடல் ஆதுலர் சாலை ஊருக்கெல்லாம் திறந்த வீடல்ல. பாடசாலையில் இருந்தவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் ஏற்பட்டது. ஆனால் அதற்கு முன்பே தஞ்சாவூரில் வேறொன்று இருந்தது. ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையை நமக்கெல்லாம் தெரியும். அவர் தம் தகப்பனார் சுந்தர சோழரின் பெயரால் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலையைத் தஞ்சையில் ஏற்படுத்தினார். தம்பி வானளாவக் கோயில் எழுப்பிய நகரத்தில், தமக்கை நோயாளிக்கு இடம் தேடியிருக்கிறார். அந்த நகரத்தில் யார் யார் வந்து குவிந்திருப்பார்கள்! கல் தச்சர்கள், படைவீரர்கள், கணக்கர்கள், பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்கள். எல்லோரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள்.

இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆந்திர தேசத்திலும் ஒரு ராணியைப் பார்க்கிறோம். காகதீய ருத்ரமாதேவி. கிருஷ்ணா நதிக்கரைப் பக்கம் மல்காபுரத்தில் உள்ள 1261-ஆம் வருஷத்துக் கல்வெட்டு, அங்கே நடந்த மடத்துக்கும் பாடசாலைக்கும் கொடுத்த தானங்களைச் சொல்கிறது. தகப்பனார் கணபதி தேவர் ஓர் ஊர் கொடுத்தார். ருத்ரமாதேவி வெலகபூடி என்ற ஊரைக் கொடுத்தார். ஆரோக்கியசாலையோடு பிரசூதிசாலையும், அதாவது பிரசவ ஆஸ்பத்திரியும், அந்தத் தர்மத்தில் உண்டு. அதே வெலகபூடியில்தான் இன்று ஆந்திர அரசின் தலைமைச் செயலகம் இருக்கிறது. அங்கே காரில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

யாத்திரிகர்கள் குவிகிற ஸ்ரீரங்கத்திலும் ஆரோக்கியசாலை இருந்தது. பழுதுபட்டுக் கிடந்த அதைக் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்து, தன்வந்திரிக்கும் சந்நிதி வைத்ததை 1493-ஆம் வருஷத்துக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சந்நிதியை இன்றும் சேவிக்கலாம். அடுத்த முறை ரங்கநாதரைச் சேவித்துவிட்டு அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். காம்போஜத்தில் ஏழாம் ஜயவர்மன் நாட்டில் 102 ஆஸ்பத்திரிகள் இருந்ததாக 1186-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. எகிப்தின் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய ஆஸ்பத்திரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் இருந்தது. கடை வாடகையும் நிலவருமானமும் அதற்கென்றே எழுதிவைக்கப்பட்டிருந்தன. நம் ஊரில் நெல், அங்கே வாடகை. ஒருநாள் உற்சாகத்தில் கட்டிவிட்டுப் போகாமல், நாளைய கஞ்சிக்கும் வழி செய்து வைத்தவர்கள்தான் எங்கும் நிலைத்தார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இத்தாலியில் ப்ளாரன்ஸ் நகரத்துக் கதை. போல்கோ போர்ட்டினாரி என்று ஒரு பணக்காரர். மகாகவி தாந்தே உள்ளத்தில் வைத்துப் பாடிய பியாட்ரிசின் தகப்பனார். அவர் 1288-ல் நிறுவிய ஸாந்தா மரியா நோவா ஆஸ்பத்திரி இன்றும் அதே நகரத்தில் நடக்கிறது. அதைக் கட்டும்படி அவரைத் தூண்டியது யார் என்கிறீர்கள்? அவர் வீட்டில் வேலை பார்த்த, பியாட்ரிசை வளர்த்த மோன்னா தெஸ்ஸா என்ற பெண் என்று அந்த ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த பெண்களுக்கும் அவளே தலைவியாக இருந்தாளாம். அவளுடைய உருவம் செதுக்கிய கல் அங்கே இருக்கிறது. திருமுக்கூடல் பெண்களுக்குக் கிடைக்காத பெயர் இவளுக்காவது கிடைத்ததே என்று ஒரு திருப்தி.

*

சரி, நம் கோவைக்குத் திரும்புவோம். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் பஞ்சாலையை ஆரம்பித்தார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. காடுகளில் பாடுபட்டவர்கள் சங்கு ஊதும் நேரத்துக்கு நடக்கப் பழகினார்கள். அத்தையும் பாட்டியும் கிராமத்திலேயே தங்கிவிட்டார்கள்.

நடுவில் பிளேக் வந்தது. அந்த நோய் எப்படிப்பட்ட பயத்தை விதைத்தது என்பதற்குக் கோவையில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி. நோயின் பெயரையே அம்மனுக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர். கஞ்சி வைக்க ஆளிருந்தாலும், கிட்டே வர எல்லோரும் பயந்த காலம் அது. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று 2020-ல் நாமும் கொஞ்சம் தெரிந்துகொண்டோம்.

ஆலைகள் நிறைந்த ஊருக்கு ஆஸ்பத்திரிகளும் வந்தன. லட்சுமி மில்லை நிறுவிய குப்புசாமி நாயுடுவின் நினைவாக 1952-ல் ஓர் ஆஸ்பத்திரி; 1966-ல் அரசு மருத்துவக் கல்லூரி; பிறகு கண்ணுக்கு, எலும்புக்கு, இருதயத்துக்கு என்று எத்தனையோ. ஒரு காலத்தில் வேலை தேடிக் கோவைக்கு வந்தார்கள். இன்று உடம்பைக் காட்டவும் வருகிறார்கள். பாலக்காட்டிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் காலை பஸ்ஸில் கையில் எக்ஸ்ரே உறையோடு இறங்குகிறார்கள். சோளக் காட்டை ஊராக்கியது ஆஸ்பத்திரிதான் என்று இளநீர்க்காரர் சொன்னது பொய்யல்ல.

ஆனால் ஓர் ஊர் எவ்வளவு பெரியது என்று கட்டடங்களை எண்ணிச் சொல்லிவிட முடியுமா? துணைக்கு ஆளில்லாத அந்தப் பீஹார் பையனுக்குக் கஞ்சி கிடைத்ததா என்று கேட்டால்தான் தெரியும். கிடைத்தது. காங்கேயத்து அம்மாளுடைய கருணையால் மட்டும் கிடைத்திருந்தால் விபரீதமாகியிருக்கும். நர்ஸின் படிப்பால் மட்டும் என்றால் அவன் ஒரு நம்பராகத்தான் இருந்திருப்பான். கருணைக்குக் கஞ்சி வைக்கத் தெரியும். எப்போது வைக்கக்கூடாது என்பதைப் படித்த கைதான் சொல்லவேண்டும். அந்தக் கைக்கு நாலு நாழி போதாது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

பையன் புறப்பட்ட அன்று சிநேகிதர்கள் ஆட்டோ கொண்டுவந்தார்கள். கைத்தாங்கலாக எழுந்தவன், காங்கேயத்து அம்மாளின் காலைத் தொடக் குனியப் பார்த்தான். "காலு பத்திரம் சாமி, குனியாதே!" என்று அவர் பதறினார். அவன் அவரைப் பார்த்து ஏதோ சொன்னான். 'மா' என்ற ஒரு சொல் மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது.

நாங்கள் வீடு திரும்பும் நாளில் நான் அந்த நர்ஸிடம் விடைபெறப் போனேன். வாயைத் திறந்தேன், கூப்பிடப் பெயர் தெரியவில்லை! பத்து நாட்கள் 'சிஸ்டர், சிஸ்டர்' என்றே காலம் தள்ளியிருக்கிறேன். பெரிய டாக்டரின் பெயர், அவர் படித்த பட்டங்கள், அவருடைய சொந்த ஊர் எல்லாம் எனக்கு மனப்பாடம். சோழர் காலத்துக் கல்வெட்டைக் குறை சொன்ன நான் என்ன வாழ்ந்தேன்?

வெட்கத்தோடு கேட்டேன். சொன்னாள். சத்தியமங்கலத்துப் பெண். விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் அடுத்த முறை யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பிளாஸ்க்கில் ஒரு டம்ளர் கஞ்சி கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துக் கட்டிலையும் பாருங்கள். ஆனால் நர்ஸைக் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுத்துவிடாதீர்கள். கேட்கும்போது முதலில் அவள் பெயரைக் கேளுங்கள்.